சொந்தமாக கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறீர்களா? எஸ்எம்பிஎஸ் லேபிளை முதலில் படியுங்கள்

பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்ய வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பணத்தில் ஒவ்வொன்றாக வாங்கினேன். எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விசாரித்து, ஒப்பிட்டு, நல்ல பெயர் எடுத்ததைத்தான் எடுத்தேன். அப்படிச் சேர்ந்து வந்த கணினியில் படம் பார்க்கலாம், நாள் முழுக்க வேலை பார்க்கலாம், எந்தத் தொந்தரவும் இல்லை. கேம் திறந்தால் மட்டும் பொட்டென்று அணைந்துவிடும். காரணம் பிடிபடுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கு வீணாகப் போனது, நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் குறைவு. கூட உட்கார்ந்து "இதைப் பார், அதைப் பார்" என்று சொல்ல அப்போது எனக்கு ஆள் இல்லை. இப்போது பாகங்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருப்பவருக்கு நான் பட்டது உதவட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு ஆழமாகப் பதிந்த விஷயம் இதுதான்: தனித்தனியாக நல்ல பாகங்கள், ஒன்றாகச் சேர்ந்தால் நல்ல கணினியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. "எந்த ப்ராசஸர் நல்லது, எந்தக் கிராபிக்ஸ் கார்டு நல்லது" என்று கேட்டால் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். இந்தக் கார்டும் இந்த எஸ்எம்பிஎஸ்ஸும் (சுவர் மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பெட்டி) ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் சத்தமே இருக்காது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டாவதுதான்.

எங்கே தொடங்குவது? பெரும்பாலும் எல்லோரும் ப்ராசஸரில் தொடங்குவார்கள். நான் மானிட்டரில் தொடங்கினேன், அது நல்லதாகப் போயிற்று. 1080பி திரையில் ஏறத்தாழ 20 லட்சம் பிக்ஸல், 1440பி திரையில் 37 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், அத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டும். அதனால் திரை பெரிதாகப் பெரிதாகப் பாரம் கார்டின் மேல் ஏறுகிறது, ப்ராசஸருக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ப்ராசஸரை வேலை வாங்குவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. போட்டி கேம்களை 1080பி திரையில் 240 ஃபிரேமில் ஆட வேண்டும் என்றால் ப்ராசஸருக்குப் பணம் ஒதுக்குங்கள். கதை சொல்லும் பெரிய கேம்களை அழகாகப் பார்க்க வேண்டும் என்றால் கார்டுக்கு ஒதுக்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் ஆசை, அதனால் 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று முடிவு செய்தேன். அந்த ஒரு முடிவிலிருந்து மற்றதெல்லாம் தானாக வந்து விழுந்தது.

கிராபிக்ஸ் கார்டில் எல்லோரும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைத்தான் ஒப்பிடுகிறார்கள். கார்டின் நினைவகத்தையும் பாருங்கள். 1440பி-யில் டெக்ஸ்சர் (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படம்) தரத்தை உயர்த்தி வைத்தால் இப்போதைய பெரிய கேம்கள் சில 8 ஜிபியைத் தாண்டிவிடுகின்றன. நினைவகம் நிரம்பினால் சராசரி எண் பெரிதாகக் குறையாமல் கூட இருக்கலாம், ஆனால் ஆட்டம் விட்டுவிட்டுத் திணறும், சுவரும் தரையும் மங்கலாகத் தெரியும். நான் 12 ஜிபி கார்டு எடுத்தேன். அதே விலையில் கொஞ்சம் வேகம் கூடுதலான 8 ஜிபி கார்டு கிடைத்தது, அதை விட்டுவிட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. நினைவகத்தை வாங்கிய பிறகு கூட்ட முடியாது, டெக்ஸ்சர் தரத்தைத்தான் குறைக்க முடியும்.

ப்ராசஸரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமுக்கு மட்டும் என்றால் 6 கோர் அல்லது 8 கோர் போதும், 16 கோர் வாங்கினால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும். ஏஎம்டியில் பெயருக்குப் பின்னால் எக்ஸ்3டி என்று வருபவற்றில் கேஷ் நினைவகம், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம், அதிகம். 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி, கேம்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறையும். நான் எஃப் இல்லாததை எடுத்தேன், அது பின்னால் எனக்குப் பெரிய கைகொடுத்தது, அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

முதல் சோதனை மதர்போர்டில் வந்தது. எல்லாவற்றையும் மாட்டி, பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கருப்பு. போர்டின் ஓரத்தில் சின்னதாக நான்கு விளக்குகள் இருக்கும்: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிரைவ்). கணினி எந்தப் படியில் நிற்கிறதோ அந்த விளக்கு எரியும். எனக்கு சிபியு விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. புது ப்ராசஸர் செத்துவிட்டதா என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. கூலரைக் கழற்றி, பேஸ்டைத் துடைத்து, ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பின் கூட வளையவில்லை. திரும்ப மாட்டினேன், அதே சிவப்பு.

காரணம் பயாஸ், அதாவது கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். என் போர்டு தயாரானபோது என் ப்ராசஸர் தலைமுறையே சந்தைக்கு வந்திருக்கவில்லை. சாக்கெட் ஒன்றுதான், ஆனால் அந்தப் போர்டில் இருந்த பழைய பயாஸுக்கு இந்த ப்ராசஸர் யார் என்று தெரியாது. இது எந்த ஒரு போர்டுக்கும் மட்டும் உரிய குறையில்லை. ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது. ரைசன் 7000 வரிசைக்காக அப்போது வந்த பி650 போர்டுகளில் 2024-இல் வந்த ரைசன் 9000-ஐ உட்கார வைக்கலாம், ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் அது ஓடும். அதற்கு முன் ஏஎம்4 காலத்து பி450 போர்டிலும் ரைசன் 5000-க்கு இதே கதைதான். பெட்டியின் மேல் சாக்கெட் பெயரைப் பார்த்துப் பொருந்தும் என்று முடிவு செய்வது போதாது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் "ஆதரிக்கும் ப்ராசஸர்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ப்ராசஸருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு முதல் ஓடும் என்று போட்டிருப்பார்கள். விற்பவரிடம், கையில் இருக்கும் சரக்கில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என்னைக் காப்பாற்றியது போர்டின் பின்பக்கம் இருந்த ஒரு சின்ன பட்டன். பயாஸ் ஃபிளாஷ்பேக் என்பார்கள். ப்ராசஸர் வேலை செய்யாவிட்டாலும், ஏன், ப்ராசஸரே இல்லாவிட்டாலும் பயாஸை மாற்ற அது விடும். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, பயாஸ் கோப்புக்கு அவர்கள் சொன்ன பெயரை வைத்து, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்தினேன். பக்கத்தில் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பாதியில் மின்சாரம் போனால் போர்டே போய்விடலாம் என்று படித்திருந்ததால், அது சிமிட்டி முடியும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. முடிந்ததும் பவரைப் போட்டேன். மறுபடியும் கருப்புத் திரை! இந்த முறை டிராம் விளக்கு. மனம் விட்டுப்போயிற்று. கை பவர் பட்டனுக்குப் போனது, நல்லவேளை அழுத்தவில்லை. சில நிமிடங்கள் கழித்துத் தானாகவே திரை உயிர் பெற்றது. டிடிஆர்5 ராம் உள்ள கணினி முதல் முறை எழும்போது ராமோடு பேசிப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், மெமரி டிரெயினிங் என்று பெயர். ஏஎம்5 போர்டுகளில் இது பல நிமிடங்கள் கூடப் போகும். முதல் தடவை கருப்பாக இருந்தால் பதறி அணைக்காதீர்கள், கால் மணி நேரமாவது விடுங்கள். இந்த ஒரு வரியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

போர்டு வாங்கும்போது பணம் கொடுக்க வேண்டியது இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்: ஃபிளாஷ்பேக் பட்டன், நிலையைக் காட்டும் அந்த நான்கு விளக்குகள், ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் கனமான ஹீட்சிங்க். உயர்ந்த சிப்செட்டுக்கும் வண்ண விளக்குக்கும் கொடுக்கும் பணத்தை கார்டில் போட்டால் ஆட்டத்தில் தெரியும். அப்புறம், சாக்கெட்டை மூடி வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் போய் வழியில் பின் வளைந்தால், பழி உங்கள் மேல்தான் வரும்.

ராமைப் பற்றி மூன்று விஷயம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் ஏறாது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரை முழுதாகப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, இரண்டு குச்சிகளாக வாங்கி, துளை நான்கு இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், டிடிஆர்5-இல் நான்கு குச்சி போட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டியதாகிவிடும். மூன்றாவது, 6000 என்று பெட்டியில் எழுதிய ராம் முதலில் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் நீங்கள் காசு கொடுத்த வேகம் கிடைக்கும்.

இதையெல்லாம் தாண்டி விண்டோஸ் ஏறி, டிரைவர் ஏறி, முதல் கேமைத் திறந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அரை மணி நேரம் அருமையாக ஓடியது. அப்புறம் பொட்டென்று எல்லாம் அணைந்தது. நீலத் திரை இல்லை, உறைந்து நிற்கவில்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கியது மாதிரி. மறுபடி போட்டேன், ஓடியது, அணைந்தது. சில நாள் மூன்று மணி நேரம் தாங்கும், சில நாள் லோடிங் திரையிலேயே போய்விடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் "கெர்னல் பவர் 41" என்று மட்டும் எழுதியிருக்கும். அதை நோயின் பெயர் என்று நினைத்துத் தேடித் தேடி அலைந்தேன். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தாண்டி அது காரணம் எதையும் சொல்வதில்லை.

ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். மெம்டெஸ்ட்86 போட்டு இரவெல்லாம் ராமைச் சோதித்தேன், ஒரு பிழை கூட இல்லை. வெப்பநிலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடினேன், எல்லாம் அளவோடுதான் இருந்தது. கார்டின் டிரைவரை முழுக்கத் துடைத்து மறுபடி போட்டேன், விண்டோஸையே மறுபடி போட்டேன். எஃப் இல்லாத ப்ராசஸர் இங்கேதான் கைகொடுத்தது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருந்த கிராபிக்ஸிலேயே கணினியை ஓட்டி, ப்ராசஸரை மணிக்கணக்கில் முழு வேகத்தில் விட்டேன். அசையவே இல்லை. ஆக ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றும் பரவாயில்லை. கார்டைத் திரும்ப மாட்டி, கார்டுக்கு மட்டும் தொடர்ந்து பாரம் கொடுக்கும் சோதனையை ஓட்டினேன். அதிலும் தேறியது! தனியாகச் சோதித்தால் எல்லாம் தேறுகிறது, சேர்ந்து ஆடினால் விழுகிறது. நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும்போது நடுவில் காணாமல் போய், திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் அவர்களோடு ஆடுவதையே நிறுத்திவிட்டேன். லோடிங் திரை வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கேட்ட இடத்திலெல்லாம் கார்டுதான் கோளாறு என்றார்கள். சோதனைக்கு அனுப்பினேன். வாரங்கள் கழித்து, "எந்தக் குறையும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அவர்கள் சொன்னது உண்மை. அனுப்பிய செலவும் காத்திருந்த நாட்களும் என்னுடையவை.

வழி காட்டியது ஒரு தற்செயல். ஒரு நாள் ஃபிரேம் எண்ணிக்கையை 60-க்குக் கட்டுப்படுத்தி ஆடினேன். அன்றைக்கு முழுக்க அணையவில்லை. அடுத்து கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை, மென்பொருளில் 75 சதவீதத்துக்கு இறக்கினேன். அப்போதும் அணையவில்லை. 100-க்கு ஏற்றியதும் பழையபடி பொட்டென்று. கார்டு குறைவாக மின்சாரம் இழுத்தால் பிழைக்கிறது, அதிகம் இழுத்தால் சாகிறது. அப்போதுதான் கேபினட்டின் பக்கவாட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே இழுத்து, அதன் வயிற்றில் ஒட்டியிருந்த லேபிளை வரி வரியாகப் படித்தேன்.

பெட்டியில் பெரிய எழுத்தில் 650 வாட் என்று இருந்தது. இணையத்தில் இருக்கும் மின்சாரக் கணக்குப்படி என் கணினிக்குத் தேவை 430 வாட் சொச்சம். தாராளமாகப் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். லேபிளில் ஒரு கட்டம் இருக்கிறது: +3.3, +5, +12 வோல்ட் என்று தனித்தனியே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதில் 12 வோல்ட் பகுதிக்கு மொத்தமாக 38 ஆம்பியர். 12-ஐ 38-ஆல் பெருக்கினால் 456 வாட். மீதி வாட் எல்லாம் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் இருந்தது. முன்னொரு காலத்தில் ப்ராசஸரே 5 வோல்ட்டிலிருந்து சாப்பிட்டது, 2000 வாக்கில் பென்டியம் 4 வந்தபோது அது 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. இன்றைக்கு ப்ராசஸரும் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டைத்தான் இழுக்கின்றன. அதனால் 5 வோல்ட்டில் இருக்கும் வாட் கேமிங் கணினிக்கு உதவாது. நான் வாங்கியது புதுப் பெட்டிதான், உள்ளே இருந்த வடிவமைப்புதான் பழையது. நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு எதிரே 54 ஆம்பியர் என்று இருக்கும், பெருக்கினால் 648.

456 வாட்டும் 430-க்கு மேல்தானே என்று கேட்கலாம். கணக்குகள் காட்டுவது சராசரி. கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 220 வாட் இழுத்தாலும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரை எகிறும். மோட்டார் போடும் கணத்தில் வீட்டு விளக்கு மங்கி எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி ஒரு இழுப்பு. அந்த இழுப்பைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் தன்னுடைய பாதுகாப்பு அமைப்பை இயக்கி எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. தொடர்ந்து ஒரே சீராகப் பாரம் கொடுக்கும் சோதனையில் இந்த எகிறல் அதிகம் வராது. கேமில் காட்சி மாறும்போது, வெடிக்கும்போது, மெனுவிலிருந்து ஆட்டத்துக்குப் போகும்போது வரும். சோதனைகளெல்லாம் தேறிய மர்மம் இதுதான். 2022-இல் எஸ்எம்பிஎஸ்களுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதை நேரடியாகவே கவனித்திருக்கிறது: அந்த வகை எஸ்எம்பிஎஸ், தன் வாட்டைப்போல் இரண்டு மடங்கு எகிறலை 100 மைக்ரோ நொடி அளவுக்குத் தாங்க வேண்டும்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம். ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்பதெல்லாம் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கான அளவு. 115 வோல்ட் சோதனையில் பாதிப் பாரத்தில் ப்ரான்ஸுக்கு 85, கோல்டுக்கு 90. பாதுகாப்பு எப்படி, எகிறலைத் தாங்குமா, எத்தனை வருடம் உழைக்கும் என்று அது எதுவும் சொல்லாது. நான் இப்போது பார்ப்பது வேறு: 12 வோல்ட்டின் வாட் மொத்த வாட்டுக்குச் சமமாக இருக்கிறதா, ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டிருக்கிறதா, வாரண்டி 7 வருடமாவது இருக்கிறதா, அந்த மாடலைத் திறந்து கருவி வைத்து அளந்த விமர்சனம் ஏதாவது இருக்கிறதா. இந்த நான்கும் இருந்தால் பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

750 வாட்டில் அப்படி ஒன்றை வாங்கினேன். பழையதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. மாற்றும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் கேபிள்களைத் தனியாகக் கழற்றலாம், அதனால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். போர்டுப் பக்கம் இருக்கும் முனைதான் எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள் கூட மாறும். முனை பொருந்தி உட்காரும், பவர் போட்டதும் எஸ்எஸ்டியும் போர்டும் கருகும். நான் எல்லாக் கேபிளையும் பிடுங்கி, கட்டியிருந்ததையெல்லாம் வெட்டி, முதலிலிருந்து மாட்டினேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று, போகட்டும். கார்டில் இரண்டு 8 பின் துளை இருந்தால் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளில் தொங்கும் இரட்டை முனையைத் தவிர்ப்பது நல்லது. 8 பின் ஒவ்வொன்றுக்கும் வரையறை 150 வாட், போர்டின் துளை வழியாக 75 வாட் போகும். புதிய 16 பின் முனை என்றால், முழுதாக உள்ளே போய் உட்கார்ந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்து, முனைக்குப் பக்கத்திலேயே கேபிளை வளைக்காமல் விடுங்கள். 2022-இல் சில கார்டுகளில் அந்த முனை உருகியதைப் படித்திருப்பீர்கள், முழுதாகச் செருகாததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இதனால்தான் கேபினட்டை வாங்கும் முன் ஸ்கேல் எடுத்து அளக்கச் சொல்கிறேன். கார்டின் நீளம், அதோடு முன் ஃபேன் பிடிக்கும் இடம், கூலரின் உயரம், கார்டின் விளிம்புக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே கேபிள் திரும்ப இடம். எல்லாம் மில்லிமீட்டரில் அந்தந்தப் பக்கத்தில் போட்டிருக்கும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி உள்ளதை விட வலை உள்ளது நல்லது, காற்று போக வழி வேண்டும். எஸ்எஸ்டியில் எம்.2 வடிவம் என்பதாலேயே என்விஎம்இ என்ற வேகமான வகை ஆகிவிடாது, அதே வடிவத்தில் வேகம் குறைந்த சாட்டா வகையும் உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வீணானதற்குப் பெரிய காரணம் நான் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கியது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போதே அதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டது. கையில் பணம் சேரச் சேர வாங்கத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் முழுப் பணமும் சேரும்வரை பொறுத்து, எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வரவழையுங்கள். வந்ததும் கேபினட்டுக்குள் ஏற்றாமல், போர்டின் அட்டைப் பெட்டி மேலேயே ப்ராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து உயிர் வருகிறதா என்று பாருங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும், ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் மீதியை ஏற்றி, கெடு முடிவதற்குள் ஒரு இரவு ராம் சோதனை, சில மணி நேரம் ப்ராசஸர் சோதனை, அதோடு ஃபிரேம் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் நிஜமான கேம். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். எல்லாப் பெட்டியையும் வைத்திருங்கள், வரிசை எண்களைப் படம் எடுத்து வையுங்கள்.

உங்கள் கணினி ஏற்கெனவே இப்படி அணைந்துகொண்டிருந்தால், எதையும் வாங்குவதற்கும் எங்கேயும் அனுப்புவதற்கும் முன்னால் பைசா செலவில்லாத இந்த இரண்டையும் செய்து பாருங்கள். ஃபிரேமை 60-க்குக் கட்டுங்கள், இன்னொரு நாள் கட்டாமல் பவர் லிமிட்டை 75-க்கு இறக்குங்கள். இரண்டிலும் அணையாமல் ஓடினால் கார்டைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை அதன் கேபிள்களோடு ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். கிடைக்கும்வரை பவர் லிமிட்டைக் குறைத்தே ஆடலாம். 75-இல் வைத்து ஆடிய நாட்களில் எனக்குக் குறைந்தது நொடிக்குப் பத்து ஃபிரேம் சொச்சம்தான், ஆட்டத்தில் பெரிதாகத் தெரியவில்லை.